கொட்டாய்க்கு ஒரு பால்வாடி: தருமபுரி, கிருஷ்ணகிரி சிற்றூர்களில் எங்கிருந்து தொடங்குவது?

எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் ஒரே இடத்தில் குவிந்த வீடுகள் அல்ல. தாய்க்கிராமத்தில் கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, அங்கன்வாடி எல்லாம் இருக்கும். அங்கிருந்து ஏரிக்கரை தாண்டி, மாந்தோப்பு தாண்டி, அவரவர் நிலத்தில் பத்து வீடு, பதினைந்து வீடு என்று கொட்டாய்கள் சிதறிக் கிடக்கும். பெரியவர்களுக்கு இருபது நிமிட நடை. மூன்று வயதுக் குழந்தைக்கு அது நடக்கிற தூரமே இல்லை. தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வரலாம் என்றால், ஏழு மணிக்கே பூப்பறிக்கவோ தக்காளி பறிக்கவோ கிளம்புகிற தாய்க்கு நேரம் கிடையாது. குழந்தையின் பெயர் அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கும். குழந்தை பாட்டியோடு திண்ணையில் இருக்கும்.

கொட்டாயிலோ மலைக்கிராமத்திலோ காலனியிலோ ஒரு பால்வாடி வேண்டும் என்று முதல் தடவையாகக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மகளிர் குழுத் தலைவியாக இருக்கலாம், பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணாக இருக்கலாம், பேரப்பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்த தாத்தாவாகவும் இருக்கலாம். எல்லோரும் முதலில் கேட்பது, "கட்டடத்துக்கு யாரைப் பாக்கணும்?" என்பதுதான். கட்டடம் கடைசி வேலை. முதலில் ஒரு பட்டியல், பிறகு எல்லாருக்கும் ஒத்துவரும் இடமும் நேரமும், பிறகு இரண்டு பெண்கள். அரசிடம் கேட்பதையும் நாமே நடத்துவதையும் சேர்த்தே செய்ய வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் இன்றைக்கு மூன்று வயதாக இருக்கிற குழந்தை ஒன்றாம் வகுப்புக்கே போய்விடும். நாமே நடத்திக்கொண்டு கேட்காமல் விட்டால், இரண்டு வருடத்தில் ஊருக்குக் கை ஓய்ந்துவிடும்.

பட்டியல்

ஒரு கோடு போட்ட நோட்டு போதும். பிறந்த குழந்தை முதல் ஆறு வயது முடியாத குழந்தை வரை, ஆளுக்கு ஒரு வரி. பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர், இப்போதுள்ள அங்கன்வாடிக்கு எவ்வளவு தூரம், வழியில் ஓடையா நெடுஞ்சாலையா காடா, வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், தடுப்பூசி அட்டை உண்டா, பிறப்புச் சான்றிதழ் உண்டா. கடைசி இரண்டும் இப்போது தேவையில்லாதது போலத் தெரியும். பள்ளிச் சேர்க்கையின்போது அலைவதற்குப் பதிலாக இப்போதே கண்டுபிடித்துவிடலாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் அதிகாரியின் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும்.

மாலை ஏழு மணிக்கு மேல் போங்கள். பகலில் போனால் வீட்டில் வயதானவர்கள்தான் இருப்பார்கள், பிறந்த தேதி கேட்டால் "அந்த மழை வந்த வருசம்" என்பார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்கும், செங்கல் சூளைக்கும் போன குடும்பங்களின் குழந்தைகளைத் தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பொங்கலுக்கோ மாரியம்மன் திருவிழாவுக்கோ அவர்கள் வரும்போது அந்தப் பக்கத்தைச் சரிபாருங்கள். கிராம சுகாதார செவிலியரிடமும், தாய்க்கிராமத்து அங்கன்வாடிப் பணியாளரிடமும் கணக்கெடுப்புப் பதிவேடு இருக்கிறது. அவர்களோடு உட்கார்ந்து உங்கள் பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அங்கன்வாடி டீச்சருக்கு இது தன்மேல் சொல்கிற புகார் இல்லை என்று புரிந்துவிடும். அவரை எதிரியாக்கிக்கொண்டு எந்தக் கொட்டாயிலும் எதுவும் நடக்காது.

இந்தப் பட்டியலுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? அங்கன்வாடிகளை நடத்துகிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதிலிருந்து மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான் மையம் தருகிறார்கள். பொதுவாக 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம், 150 முதல் 400 பேருக்கு ஒரு குறு மையம். மலை, பழங்குடிப் பகுதிகளில் 300 பேர் இருந்தாலே முழு மையம், 150 முதல் 300 வரை குறு மையம். இதற்கு மேலே முக்கியமான ஒன்று இருக்கிறது. 2006 டிசம்பர் 13 அன்று உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அங்கன்வாடி இல்லாத ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்து, மக்கள் கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும். கைக்குழந்தைகளும் இந்த நாற்பதில் சேர்த்தி. பல ஊர்களில் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எண்ணிவிட்டு, "இருபதுதான் தேறுது" என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் கொட்டாயில் மட்டும் நாற்பது வராவிட்டால், பக்கத்துக் கொட்டாய்களையும் சேர்த்து, நடுவில் எல்லாருக்கும் அரைக் கிலோமீட்டருக்குள் வருகிற ஒரு புள்ளியைப் பாருங்கள்.

இடமும் நேரமும் பேசுகிற கூட்டம்

இந்தக் கூட்டத்தை ஆண்கள் மட்டும் கோயில் திண்ணையில் நடத்தக் கூடாது. குழந்தையைக் கொண்டுவந்து விடப்போவது பெண்கள். எந்த மணிக்கு வேலைக்குப் போகிறார்கள், எந்த மணிக்குத் திரும்புகிறார்கள் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். மகளிர் குழுக் கூட்ட நாளிலேயே வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989இல் பழைய தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. குழுவில் உட்கார்ந்து வரவு செலவு பேசிப் பழகிய பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம்தான் உங்களுக்கு முதல் முதலீடு.

இடம் பேசும்போது சாதியைப் பேசாமல் தப்பிக்க முடியாது. பெரிய தெருவுக்குள் வைத்தால் காலனிக் குழந்தைகள் வரமாட்டார்கள், வந்தாலும் ஓரமாக உட்காருவார்கள். காலனிக்குள் வைத்தால் மற்றவர்கள் "எங்க பிள்ளைக்கு உடம்பு சரியில்லைங்க" என்று ஒரு வாரம் சொல்லிப் பிறகு நின்றுவிடுவார்கள். யாருடைய வாசலுமில்லாத பொது இடம்தான் சரி. பள்ளிக்கூடத்துப் பக்கம், ஊராட்சிக் கட்டடம், ஏரிக்கரைப் புறம்போக்கில் உள்ள கொட்டகை என்று ஏதாவது ஒன்று. சமைக்கப்போவது யார் என்பதையும் முதல் கூட்டத்திலேயே பேசுங்கள். "எல்லாக் குழந்தையும் ஒரே வரிசையில் உட்காரும், யார் சமைத்தாலும் சாப்பிடும்" என்பதை ஒத்துக்கொண்டுதான் தொடங்குகிறோம் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அப்போது எழும் முணுமுணுப்பை அப்போதே கேட்டுத் தீர்த்துவிடலாம். திறந்த பிறகு எழுந்தால் குழந்தைகள் முன்னால்தான் எழும்.

நேரத்தைப் பற்றி ஒன்று. தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ராகி முற்றுகிற மாதங்களில் யானைக் கூட்டம் காட்டோரக் கொல்லைகளுக்கு வரும். விடிந்தும் விடியாமலும் குழந்தையைக் கூட்டிவருகிற மாதிரி நேரம் வைக்காதீர்கள். அந்த மாதங்களுக்கு மட்டும் அரை மணி தள்ளி வைத்து, நாலைந்து வீட்டுக் குழந்தைகளை ஒரு பெரியவர் சேர்த்துக் கூட்டிவரும்படி முறை போட்டுக்கொள்ளலாம்.

மனு

மனு ஒரு பக்கம் போதும். யாரையும் திட்ட வேண்டாம், தலைவர்களைப் புகழவும் வேண்டாம். "இந்த ஊராட்சியில் இந்தக் கொட்டாயில் வசிக்கிறோம். எங்கள் குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 43 பேர். பட்டியல் இணைத்துள்ளோம். அருகிலுள்ள மையம் இவ்வளவு தூரம், வழியில் ஓடை உள்ளது. உச்ச நீதிமன்றத்தின் 13.12.2006 உத்தரவின்படி எங்களுக்கு அங்கன்வாடி மையம் அமைத்துத் தர வேண்டுகிறோம். கட்டடம் வரும்வரை இந்த இடத்தைத் தரத் தயார்." இவ்வளவுதான் விஷயம். எண்ணிக்கையை மட்டும் உங்கள் பட்டியலின்படி போடுங்கள். அம்மாக்களின் கையெழுத்து முதலில் வரட்டும்.

இதை முதலில் கிராம சபையில் வையுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் தீர்மானம் தீர்மானம்தான். பதிவேட்டில் எழுதினார்களா என்று நின்று பார்த்து, தீர்மான எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மனு, பட்டியல், தீர்மான நகல் மூன்றையும் சேர்த்து வட்டாரத்தில் உள்ள குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுங்கள். நம் ஆட்கள் சி.டி.பி.ஓ. ஆபீஸ் என்று சொல்வது அதைத்தான். ஒரு நகல் மாவட்டத் திட்ட அலுவலருக்கு. இன்னொரு நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத மனுவுக்கு மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து தொடங்கும்? பதில் வராவிட்டால் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் அந்த ரசீது எண்ணைச் சொல்லலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

மூன்று மாதத்தில் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு வேலையை நிறுத்தாதீர்கள். அதிகாரி மாறுவார், கோப்பு மேசை மாறும். அதற்கிடையில் இன்னொன்றைக் கேட்டு வாங்கலாம். மையம் இல்லாவிட்டாலும் உங்கள் குழந்தைகள் அருகிலுள்ள மையத்தில் பதியப்பட்டிருந்தால் சத்துமாவுக்கும் தடுப்பூசிக்கும் உரிமை உண்டு. மாதத்தில் ஒரு நாள் பணியாளரும் செவிலியரும் கொட்டாய்க்கே வந்து கொடுக்கும்படி எழுதிக் கேளுங்கள்.

இரண்டு பெண்கள்

ஒருத்தர் போதாது. ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தால் பால்வாடி மூடிவிடும். ஒரு குழந்தை வெளிக்குப் போனால் மற்றவர்களை யார் பார்ப்பது என்ற கேள்வியும் வரும். 2013ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்வித் தரநிலை, மூன்று முதல் ஆறு வயதுக்கு இருபது குழந்தைக்கு ஒரு பெரியவர் என்கிறது. மூன்று வயதுக்கும் கீழே என்றால் பத்துக்கு ஒருவர். குழந்தைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் கண்ணில் படுகிற மாதிரி இருப்பது பாதுகாப்புக்கும் நல்லது. தனியாக ஒருவர் பொறுப்பில் குழந்தைகளை விடுவதில்லை என்பதை விதியாகவே வையுங்கள். எதுவும் தப்பாகத் தெரிந்தால் கூப்பிட, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? படிப்பைவிடக் குழந்தை அவர் மடியில் போய் உட்காருகிறதா என்று பாருங்கள். தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993இல் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் மருத்துவமனை தொடங்கியபோது, மலையாளி என்ற உள்ளூர் மலைவாழ் பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகவும் நலப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். பிரசவம் பார்க்கிற வேலைக்கே உள்ளூர்ப் பெண்களைத் தயார் செய்ய முடிந்தது என்றால், பாட்டுச் சொல்லி விளையாட்டுக் காட்ட வெளியூர் டீச்சர்தான் வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். நாளை அரசு மையம் வந்தால் பணியாளர் நியமனம் அரசு விதிப்படிதான் நடக்கும், அதற்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள். இரண்டு பேரில் ஒருவராவது அந்தத் தகுதி உள்ளவராகவோ தனித்தேர்வராக எழுதி முடிக்கக்கூடியவராகவோ இருந்தால், உழைத்தவர் விண்ணப்பிக்கவாவது முடியும். வேலை அவருக்கே கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொருவர் ஐம்பது வயதுக்காரராக இருந்தால் நல்லது. கதை, தாலாட்டு, கைவைத்தியம் எல்லாம் அவரிடம்தான் இருக்கும். இருவரும் நன்றாக நடக்கிற ஓர் அங்கன்வாடியில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும். எத்தனை புத்தகம் படித்தாலும் இருபது குழந்தைகளை ஒரே நேரத்தில் கைகழுவ வைப்பது எப்படி என்று நேரில் பார்த்தால்தான் தெரியும்.

அறை, கிணறு, தண்ணீர்

ஓலைக் கூரை வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்திலிருந்து பரவிய தீ கூரைக் கொட்டகையைப் பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் "தற்காலிகந்தானே" என்று ஓலைக் கொட்டகை போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஓட்டு வீடு, தளம் போட்ட அறை, பள்ளியில் காலியாகக் கிடக்கும் வகுப்பறை எதுவானாலும் சரி. அடுப்பு தனிச் சுவருக்கு அப்பால் இருக்கட்டும், வாசல் இரண்டு இருக்கட்டும். முப்பது குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் அறையும் 30 சதுர மீட்டர் வெளியிடமும் என்பது தரநிலை. சுமாராக ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர். இருபது பேர் என்றால் கொஞ்சம் சிறியதும் போதும், வெளியிடத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

நம் பக்கத்து நிலங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறுகள் திறந்தே கிடக்கும். நூறு மீட்டருக்குள் அப்படி ஒன்று இருந்தால், அதற்கு வேலி போடாமல் பால்வாடியைத் திறக்காதீர்கள். பண்ணைக் குட்டை, கழிவுநீர்த் தொட்டி, மின்கம்பத்து இழுகம்பி ஆகியவற்றையும் ஒரு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து நடந்து பாருங்கள்.

தண்ணீர் இங்கே தனிப் பிரச்சினை. இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் காவியேறிய பெரியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். இந்தக் காரணத்துக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. நிலைத்த பல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கிற வயது பால்வாடி வயதுதான். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர் குழாய் அல்லது சேமித்த மழைநீர், கைகால் கழுவ மட்டும் போர்த் தண்ணீர். ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்க ஊராட்சி மூலம் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: மாதக் கட்டணம் வாங்கிப் பள்ளி மாதிரி நடத்தத் தொடங்கினால் விளையாட்டுப் பள்ளிகளுக்கான 2015ஆம் ஆண்டு அரசு விதிகளும் உரிமமும் குறுக்கே வரும். அம்மாக்கள் சேர்ந்து முறைவைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஏற்பாடாகவே வைத்துக்கொண்டு, அதையும் சி.டி.பி.ஓ.வுக்கு ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

காலையில் என்னதான் செய்வது?

இங்கேதான் ஊருக்குள் பெரிய சண்டை வரும். "எங்க பாப்பா இன்னும் ஏ பி சி டி எழுதலை" என்று ஒரு அப்பா கேட்பார். மூன்று வயதுக் கைக்கு எலும்பும் தசையும் இன்னும் தேறவில்லை. அந்தக் கையில் பலகைக் குச்சியைக் கொடுத்து அமுக்கி எழுத வைப்பதால் ஒன்றும் முளைக்காது. தமிழக அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்றுதான் பெயர். ஆகவே அப்பாவிடம் வாதாடாமல் ஒரு நாள் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். பட்டாணியை விரலால் உரித்துக் கிண்ணத்தில் போடுகிற குழந்தையைக் காட்டி, நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போவதும் இந்த விரல்தான் என்று சொல்லுங்கள்.

மூன்று அல்லது நான்கு மணி நேரம் போதும். வந்ததும் அரை மணி அவரவர் இஷ்டத்துக்கு விளையாட விடுங்கள், அழுகிற குழந்தை அடங்க அந்த நேரம் வேண்டும். பிறகு வட்டமாக உட்கார்ந்து பெயர் சொல்லி வணக்கம், இன்றைக்கு வராதது யார் என்று கேட்பது, ஒரு பாட்டு. பிறகு ஒரு கைவேலை: களிமண் உருட்டுவது, ராகியைச் சிறு படியால் அளந்து கொட்டுவது, இலைகளைப் பெரிது சிறிது என்று அடுக்குவது. அளந்து கொட்டும்போதே எண் வந்துவிடுகிறது. வெயில் ஏறுவதற்குள் வெளி விளையாட்டு: ஓடுவது, தாண்டுவது, மணலில் தோண்டுவது, கிச்சு கிச்சு தாம்பாளம். பிறகு கைகழுவி, சாப்பிட்டு, ஒரு கதை, தூக்கம். கதையை அதே வாரத்தில் மறுபடியும் சொல்லுங்கள். நமக்குத்தான் சலிக்கும், குழந்தைக்குச் சலிக்காது. மூன்றாவது தடவை அடுத்த வரியை அது சொல்லும்.

விளையாட்டுப் பொருளுக்குக் காசு வேண்டாம், கவனம் வேண்டும். தேங்காய்ச் சிரட்டை, சோளத்தட்டை, பழைய துணிப் பொம்மை, டப்பா, ஆற்றுக் கூழாங்கல் எல்லாம் நன்று. ஆமணக்கு விதை, குன்றிமணி, அரளிக் காய், எருக்கம் பால் இவை எதுவும் வாசலுக்குள் வரக் கூடாது, எல்லாம் விஷம். வேலியோரம் ஆமணக்கு இருந்தால் வெட்டிவிடுங்கள். புளியங்கொட்டை ஐந்து வயதுக்காரர்களுக்குப் பல்லாங்குழி ஆட அருமை. மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்கள் வாயில் போடுவார்கள், மூக்கிலும் போடுவார்கள். அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வீட்டு மொழியைப் பற்றி நிறையப் பேர் யோசிப்பதில்லை. ஓசூர், சூளகிரி, தளிப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குழந்தைகள் ஏராளம். மலையோரத்தில் இருளர் குடும்பங்கள், தாண்டாக்களில் லம்பாடி பேசுகிறவர்கள், நகரத்தையொட்டி உருது பேசுகிறவர்கள். அந்தக் குழந்தை முதல் நாள் வந்து, பசிக்கிறது என்று சொல்லக்கூட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு வாரத்தில் நின்றுவிடும். இரண்டு பெண்களில் ஒருவராவது அந்த மொழி பேசட்டும். முதல் மாதங்களில் பசி, தண்ணீர், வெளிக்கு, வலி, தூக்கம் எல்லாம் வீட்டு மொழியில்தான். பாட்டு இரண்டிலும் இருக்கட்டும். கதையை முதலில் வீட்டு மொழியில், மறுநாள் அதே கதையைத் தமிழில் சொன்னால் குழந்தைக்குத் தமிழ் தானாக வருகிறது. அதைத் திருத்த வேண்டாம். அது தப்பாகச் சொன்னால் நீங்கள் சரியாகத் திரும்பச் சொல்லுங்கள், போதும்.

சோறும் எடையும்

அரசு மையத்தில் மதியச் சூடான சாப்பாடும், இரண்டு வயதுக்கு மேல் வாரம் மூன்று முட்டையும் கிடைக்கும். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதே கிராமங்களில் இரண்டு வயதுக் குழந்தையிலிருந்துதான் தொடங்கினார். உங்கள் ஏற்பாட்டில் அந்த அளவு முடியாவிட்டாலும் ராகிக் கூழோ சாமைச் சோறோ பருப்போடும் கீரையோடும் கொடுங்கள், முட்டையை மட்டும் விடாதீர்கள். இருபது குழந்தைக்கு வாரம் மூன்று என்றால் மாதத்துக்குச் சுமார் 260 முட்டை. கோழி வளர்க்கிற வீடுகள் முறைவைத்துக் கொடுத்தால் பாதிச் செலவு குறையும். மிக்சர் பாக்கெட்டும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுக்கும் மாமாக்களை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

மாதம் ஒரு முறை எடை பாருங்கள், அதே தேதியில், அதே தராசில். அங்கன்வாடிப் பணியாளரிடம் மேல்கைச் சுற்றளவு பார்க்கும் பட்டை இருக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அது கடுமையான ஊட்டக்குறைவு. "மெலிஞ்ச வாகு, அவங்க அப்பன் மாதிரி" என்று யார் சொன்னாலும் கேட்காமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். 11.5க்கும் 12.5க்கும் இடையில் என்றாலும் செவிலியரிடம் காட்டிவிட வேண்டும். பள்ளிச் சிறார் நலப் பரிசோதனைக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும். அந்தத் தேதியைக் கேட்டு உங்கள் குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். காது கேளாமை, கண் குறை, இதயக் குறை எல்லாம் அங்கே கண்டுபிடிக்கப்படுகின்றன.

பணம்

குறைவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இது ஊருக்கு ஊர் மாறும். சம்பளம் இல்லாமல் சேவையாக நடத்தலாம் என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். களையெடுப்பு வந்ததும் அந்தப் பெண் கொல்லைக்குப் போவார், போகத்தான் வேண்டும். அரை நாள் களைக்கூலி என்னவோ அதையாவது கொடுங்கள். எல்லா வீட்டிலும் எல்லா மாதமும் காசு இருக்காது. ராகி அறுவடையில் தானியமாக, மாங்காய் சீசனில் காசாக, புளி அடித்ததும் கொஞ்சம் என்று வாங்குங்கள். கணக்கு நோட்டு பால்வாடிச் சுவரில் கயிறு கட்டித் தொங்கட்டும். ஒரே பெரிய மனிதர் முழுப் பணமும் தருகிறேன் என்றால் யோசியுங்கள். அடுத்த தேர்தலில் அவர் பெயர்ப் பலகை வாசலில் நிற்கும், எதிர்க்கட்சி வீட்டுக் குழந்தைகள் வரமாட்டார்கள்.

வேன் வரும், ஜூன் வரும்

தொடங்கிய கொஞ்ச நாளில் தனியார் பள்ளி வேன் மண்பாதையில் வந்து நிற்கும். இரண்டு மூன்று வீடுகள் போகும். அவர்களோடு சண்டை வேண்டாம், திரும்பி வந்தால் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். சூளைக்குப் போகிற குடும்பங்களுக்கும் அதே முறைதான். போகும்போது தடுப்பூசி அட்டையின் நகலும் எடைக் குறிப்பும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

அரசு மையம் வந்துவிட்டால் பொம்மை, பாய், எடைக் குறிப்பு நோட்டு, பட்டியல் எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். ஆனால் அம்மாக்கள் கூட்டத்தைக் கலைக்காதீர்கள். முட்டை வந்ததா, மையம் எத்தனை மணிக்குத் திறந்தது என்று கேட்க அந்தக் கூட்டம் வேண்டும்.

ஜூலை 31க்குள் ஐந்து வயது முடிகிற குழந்தைகள் ஒன்றாம் வகுப்புக்குத் தகுதியானவர்கள். ஏப்ரல் மாதத்திலேயே உங்கள் பட்டியலில் அவர்கள் பெயருக்குக் கீழே கோடு போட்டு, பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் இருக்கிறதா என்று பாருங்கள். மே மாதத்தில் ஒரு நாள் எல்லாரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தையும், கழிப்பறை எங்கே என்பதையும், தலைமை ஆசிரியர் முகத்தையும் காட்டிவிட்டு வாருங்கள். ஜூன் மாதம் முதல் வாரம் முழுக்க, பால்வாடிப் பெண்களில் ஒருவர் அவர்களோடு பள்ளி வரை நடந்து போகட்டும்.